மூன்றாம் சுற்று

முருகேஷ்பாளையா, மூன்றாம் மாடி.
தலைக்கு மேலே எச்.ஏ.எல். விமானம்
தாழ்ந்து போகும்போது
பேச்சை நிறுத்திக்கொள்வோம், நானும் ஷைஜுவும்.
ஓசை போனபின்
விட்ட சொல்லிலிருந்து தொடர்வோம்.
இரண்டு வருடம் அப்படித்தான்
ஒரு மொழியைச் செய்தோம்.

என்ன மொழி என்று கேட்டார்
வீட்டுக்காரர் பசவலிங்கையா.
கம்ப்யூட்டருக்கு, என்றேன்.
இந்தத் தெருவிலேயே ஆறு இருக்கிறதே
போதாதா?
இது வேகமானது சார், என்றான் ஷைஜு,
மலையாளம் ஒழுகும் கன்னடத்தில்.

வேகம் முதலில் வரவில்லை.
சண்டைதான் வந்தது.
வரி முடிவில் அரைப்புள்ளி வேண்டுமா என்று
ஒரு முழு மழைக்காலம்.
வினை கடைசியில் வரட்டுமே என்றேன்,
நாம் பேசுவதுபோல:
எடுத்து, கூட்டி, வைத்துவிட்டுப் போ.
பார்சருக்கு அதுதான் சுலபம் என்று
மறுநாள் ஒப்புக்கொண்டான்.
ஆனாலும் மாட்டேன் என்றான்.
பெயரும் வைக்கவில்லை.
ஃபோல்டரில் இன்னும் 'தற்காலிகம்'.

நினைவகத்துக்கு மட்டும்
சண்டையில்லாமல் ஒரு விதி:
ஒரு மதிப்புக்கு ஒரே சொந்தக்காரர்.
இரவல் தரலாம்.
சொந்தக்காரர் போனபின்
இரவல் இருக்கக் கூடாது.
மீறினால் கம்பைலர் மறுக்கும்,
மறுக்கும்போது திட்டாமல் சொல்ல வேண்டும்.
அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதினோரு இரவு.
'நீங்கள் கேட்கும் பொருள்
நாற்பதாம் வரியிலேயே போய்விட்டது.'
இதைவிட மெதுவாக
எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
பத்துக் கோடி சுற்று, பூஜ்யம் நொடி.
தட்டே இட்லி வாங்கிவந்து கொண்டாடினோம்.
பாதி இட்லியில் அவன் கை நின்றது.
விடையை நாங்கள் அச்சிடவே இல்லை.
யாரும் கேட்காத விடையை
எதற்குக் கணக்கிடுவது என்று
நாங்களே எழுதிய ஆப்டிமைசர்
சுற்று முழுவதையும் அழித்திருந்தது.
சரியாகத்தான் செய்திருந்தது.
சட்னி காயும்வரை
அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜனவரியில் அவன் மியூனிக் போனான்.
நல்ல வேலை.
பஸ்ஸில் ஏற்றிவிட்டது நான்தான்.
ஹெல்மெட்டை வைத்துவிட்டுப் போனான்,
என்னிடம் வண்டி கிடையாது.

இன்றிரவு
கம்பைலரை அதன் மொழியிலேயே எழுதி முடித்தேன்.
பழையது புதியதைக் கட்டும்.
புதியது தன்னைத் தானே கட்டும்.
அப்படிக் கட்டியது இன்னொருமுறை.
இரண்டாவதும் மூன்றாவதும்
பைட்டுக்குப் பைட் ஒத்துப்போனால்
மொழி தன் காலில் நிற்கிறது,
பழையதை அழித்துவிடலாம்.

கீழே தண்ணீர் லாரி பின்னோக்கி வந்து
காலியாகிப் போயும் விட்டது.
ஒத்துப்போனது.
ஒரு பைட் பிசகவில்லை.

நம்பிக்கை இல்லாமல் உள்ளே திறந்து பார்த்தேன்.
இயந்திரக் குப்பை நடுவே
படிக்க முடிகிற ஒரு துண்டு:
ஹோம், ஷைஜு, தற்காலிகம்.

மூலத்தில் தேடினேன். எங்கும் இல்லை.
'நூலகம் எங்கே' என்று மட்டும் எழுதியிருக்கிறோம்.
பழையதற்கு அது தெரிந்திருந்தது,
அவன் மடிக்கணினியில் பிறந்தது.
கட்டும்போது புதியதன் காதில் சொல்லியிருக்கிறது.
புதியது அதற்கடுத்ததற்கு.
யாரும் எழுதாமலே
மூன்று தலைமுறை.

அந்த ஃபோல்டர் இந்த மெஷினில் இல்லை.
ஒவ்வொருமுறையும் முதலில் அங்கே போய்த் தேடி
இல்லையென்று கண்டு
திரும்பி வருகிறது.
ஒரு வரி மாற்றினால்
மூன்று மைக்ரோ நொடி மிச்சம்.
இதைவிடக் குறைந்த மிச்சத்துக்கு
வாரக்கணக்கில் சோறு மறந்தவர்கள் நாங்கள்.

மாற்றவில்லை.
பக்கத்தில் ஒரு குறிப்பு சேர்த்தேன்,
கம்பைலர் படிக்காமல் தாண்டும் இடத்தில்:
இது பிழையல்ல,
தெரிந்தே விட்டது.